எதற்காக ஓடுகின்றோம்? – மட்டக்களப்பின் அதிகாலை வீதியில் பெண்கள்

எமது மட்டக்களப்பில் ஒரு பெண் "நாங்க ஓடின நேரம்" என்று கதையைத் தொடங்கினால், எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எந்த வருஷம் என்றுதான் கேட்பார்கள். 1990இல் ஓடியவர்கள் இருக்கின்றார்கள். 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் எழும்பி வருவதைக் கண்டு ஓடியவர்கள் இருக்கின்றார்கள். 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் கைக்குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கின்றார்கள். இந்த மூன்று ஓட்டத்தையும் ஓடி முடித்த பெண்களும் எம்மத்தியில் வாழ்கின்றார்கள்.

ஆகவே, பெண்கள் குழுக் கூட்டமொன்றில் "உடம்புக்கு நல்லது, காலையில் கொஞ்சம் ஓடிப் பார்ப்போமா?" என்று நான் கேட்டபோது முதலில் சிரிப்பும் பிறகு அமைதியும் வந்ததில் வியப்பில்லை. "இவ்வளவு காலமும் ஓடினது காணாதா மகள்?" என்று ஓர் அம்மா கேட்டார். சமூகப் பணியில் பல கேள்விகளைச் சந்தித்திருக்கின்றேன். இதற்குக் கைவசம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடும் முயற்சியே இக்கட்டுரையாகும்.

பாலத்தடியில் ஒரு சமூகம்

விடிய ஐந்து மணி தாண்டினால் கல்லடிப் பாலத்தில் ஆட்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். 1928ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய இரும்புப் பாலம் அது. ஆளுநராக இருந்த மனிங் என்பவரின் துணைவியார் பெயரால் 'லேடி மனிங் பாலம்' எனவும் அழைக்கப்படுகின்றது. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் பெரிய வாகனங்களின் நெருக்கடி பழைய பாலத்துக்குக் குறைந்தது. யுத்த காலத்தில் இதே பாலத்தடியில் பஸ்ஸை விட்டிறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்தவர்கள் நாம். இன்று அவ்விடத்தில் சிலர் கைகளை வீசி நடக்கின்றார்கள், சிலர் ஓடுகின்றார்கள், வாவியில் தூண்டில் போடுபவர்கள் அவர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

பாலத்தைத் தாண்டினால் கல்லடிக் கடற்கரை. நகரப் பக்கமாக வந்தால் வாவியோரமாகக் காந்திப் பூங்கா. விளையாட்டுக் கழகப் பிள்ளைகள் வெபர் மைதானத்துக்குப் போவார்கள். எமது பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது அந்த மைதானம். ஓடுபவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார், 'சுகர்' இருக்கின்றது என்று டொக்டர் வெருட்டி அனுப்பிய கடைக்காரர் இருப்பார், அஞ்சலோட்டப் போட்டிக்குத் தயாராகும் பாடசாலை மாணவர்கள் இருப்பார்கள். இவர்களுக்குச் சங்கம் இல்லை, தலைவர் செயலாளர் இல்லை, சந்தாவும் இல்லை. பலருக்கு மற்றவரின் பெயர்கூடத் தெரியாது. ஆயினும் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்படும். "நேத்து ஏன் வரல்ல?"

இந்தக் கேள்வியைக் கேட்க ஆட்கள் இருப்பதைத்தான் நான் ஒரு சமூகம் என்று சொல்லுவேன். ஆனால் இச்சமூகத்தில் ஓடுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, வீதியின் ஓரத்தை ஒட்டி நடப்பார்கள். யாராவது ஒரு பெண் ஓட விரும்பினால் வெளிச்சம் வருமுன்னரே ஓடி முடித்து, வெளிச்சம் வந்ததும் நடக்கத் தொடங்கிவிடுவார்.

"எங்ககா போறாய்?"

ஏன் இப்படி? ஓர் ஆண் அதிகாலையில் வீதியில் இறங்கினால் அவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் இறங்கினால் வேலியருகில் நிற்பவர் முதல் முச்சக்கர வண்டிச் சாரதி வரை "எங்ககா போறாய், இந்த விடியக் காலையில?" என்று கேட்பார்கள். அக்கறையில் கேட்பவர்களும் உண்டு, கண்காணிக்கக் கேட்பவர்களும் உண்டு. சந்தைக்கு, கோயிலுக்கு, பள்ளிவாசலடிக்கு, கிளினிக்குக்கு, கச்சேரிக்கு, பிள்ளையின் பாடசாலைக்கு என்று எமக்கு எப்போதும் ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் ஒரு பெண் வீதியில் நிற்பதை எமது சமூகம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. சமூகவியலில் இதை 'பொதுவெளி மீதான உரிமை' என்று படித்தோம். வாழ்க்கையில் அதற்கு வேலியருகிலிருந்து வரும் அந்தக் கேள்விதான் பெயர்.

இது பிறப்பிலிருந்து வருவதல்ல. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். பெரிய பிள்ளையான பின் சட்டை நீளம் பார்க்கப்படும். உயர்தர வகுப்பு வந்ததும் "ரியூசன் இருக்கு, இனி விளையாட்டு வேண்டாம்" என்பார்கள். திருமணமான பின் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் எமக்கு மிஞ்சுவது சங்கீதக் கதிரையும் தேசிக்காய் ஓட்டமும் மட்டுமே. கணவனை இழந்தவர், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் அதுவும் இல்லை. விழாவில் பின்வரிசைக் கதிரைதான். குடும்பம் முழுவதையும் தாங்கி நிற்கும் உடம்பு, தனக்காக அசைவதற்கு மட்டும் அனுமதி கேட்டு நிற்கின்றது.

கர்ப்பப்பையும் தடையும்

"பொம்பிளை ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று எமது ஊரில் சொல்லுவார்கள். இது எமது ஊர்க் கதை மட்டுமல்ல. மேலைநாட்டு விளையாட்டு அதிகாரிகளும் வைத்தியர்களும் இதே கதையை நெடுங்காலம் நம்பினார்கள். எமது கல்லடிப் பாலத்தின் அதே 1928ஆம் ஆண்டில், அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்துப் போனவர்களைக் காட்டி, பெண்களின் உடல் இதைத் தாங்காது என்று எழுதினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் வரை அந்தப் போட்டி பெண்களுக்கு மீண்டும் கிடைக்கவில்லை. 32 ஆண்டுகள்!

1967இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மரதன் ஓட்டத்தில் கத்ரின் சுவிற்சர் என்ற மாணவி 261ஆம் இலக்கத்துடன் ஓடினார். ஓட்டத்தின் நடுவில் அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவரது இலக்கத்தைப் பறிக்க முயன்றார். கூட ஓடியவர்கள் அந்த அதிகாரியைத் தடுத்துத் தள்ளிவிட, சுவிற்சர் ஓட்டத்தை முடித்தார். பொஸ்ரனில் பெண்கள் உத்தியோகபூர்வமாக ஓட 1972 வரையும், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வர 1984 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்கதையில் சுவிற்சரின் துணிவைப் பலரும் பேசுவார்கள். கூட ஓடியவர்களை நான் கூடுதலாக நினைப்பதுண்டு. அன்று அவர் தனியே ஓடியிருந்தால் அந்தக் கை இலக்கத்தைப் பறித்திருக்கும்.

எமது நாட்டை எடுத்துக்கொண்டால், 1948இல் டங்கன் வைற் பெற்ற வெள்ளிப் பதக்கத்துக்குப் பின், இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். வறிய கிராமியக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டில் சிட்னியில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்ததால், பின்னர் அது வெள்ளியாக உயர்ந்தது. 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த 72 வயதான அகிலத்திருநாயகி அம்மா, பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்றார். வன்னி மண்ணில் வாழ்ந்து எழுபது கடந்த பெண்ணொருவரின் கால்கள் அவை. "இந்த வயசில என்னத்துக்கு ஓட்டம்?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உயிர் தப்ப ஓடியவர்கள்

2016இல் ரியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அகதிகளுக்கென ஓர் அணி பங்குபற்றியது. பத்துப் பேர் கொண்ட அந்த அணியில் ஐவர் தென் சூடானைச் சேர்ந்த ஓட்ட வீரர்கள். யுத்தத்துக்குத் தப்பிச் சிறு வயதில் ஓடி, கென்யாவின் ககுமா அகதி முகாமில் வளர்ந்த ரோஸ் லொகொன்யென், அஞ்சலினா லொஹாலித் ஆகிய இரு பெண்களும் அந்த ஐவரில் அடங்குவர். தொடக்க விழாவில் அணியின் கொடியைத் தாங்கியவர் ரோஸ். அவர்களுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அவர்களைப் பயிற்றுவித்து அழைத்துச் சென்றவர் கென்யாவின் டெக்லா லொருப்பே. 1994இல் நியூயோர்க் மரதனில் வென்ற அவர், தமது பிரதேசத்தில் கால்நடைக்காகவும் நிலத்துக்காகவும் மோதிக்கொண்ட இனக்குழுக்களை ஒரே வீதியில் ஓடவைக்கும் சமாதான ஓட்டங்களை 2003 முதல் நடத்தி வந்தவர்.

1994இல் இனப்படுகொலையைக் கண்ட ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில், குறிப்பிட்ட ஞாயிறு காலைகளில் முக்கிய வீதிகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களை நடக்கவும் ஓடவும் விடும் வழக்கத்தை 2016இல் தொடங்கினார்கள். அயலவரே அயலவரைக் கொன்ற நகரில், அதே வீதியில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் ஓடுவது சிறிய விடயமல்ல.

ஓடத் தொடங்குவதற்குப் பெருங்கூட்டம் தேவையில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2004இல் இலண்டன் பூங்காவொன்றில் சனிக்கிழமை காலையில் 13 பேர் கூடி 5 கிலோமீற்றர் ஓடினார்கள். கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. 'பார்க்ரன்' என்று இன்று பல நாடுகளில் வாராவாரம் நடப்பது அந்த 13 பேரில் தொடங்கியதே.

இறக்கி வைத்த குடம்

எமது சிறு குழுவில் ஏழு பேர். வாரத்தில் மூன்று நாட்கள் கடற்கரைப் பக்கமாகச் சேர்வோம். ஒருவர் தையல் தைப்பவர், ஒருவர் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவர், ஒருவர் முன்பள்ளி ஆசிரியை. மிக மெதுவாக வருபவர்தான் குழுவின் வேகத்தைத் தீர்மானிப்பார் என்பதும், யாரையும் பின்னால் தனியே விட்டு வருவதில்லை என்பதும் நாம் பேசி வைத்துக்கொண்ட ஒழுங்கு. முழங்காலில் ஷெல் துண்டு இருக்கும் சகோதரி ஓடமாட்டார், நடப்பார். நாம் ஓடிப்போய்த் திரும்பி வந்து அவருடன் சேர்ந்துகொள்வோம்.

தொடக்கத்தில் ஒருவர் ஓடிய சில நொடிகளில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஓடும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும். பயத்தில் உடம்பு காட்டும் அறிகுறிகளும் இவையேதான். ஷெல்லுக்குப் பயந்து ஓடிய உடம்புக்கு இது பழைய ஓட்டமா, புதிய ஓட்டமா என்று பிரித்தறியச் சிறிது காலம் தேவைப்படும். அவர் இரண்டு வாரம் நடந்தார். பிறகு ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை ஓடினார். படபடப்பு வந்து, தானாகவே அடங்குவதைக் கண்டார். துணைக்கு ஆட்கள் பக்கத்தில் இருந்ததால்தான் அது அடங்கும்வரை நிற்க முடிந்தது என்று அவரே சொன்னார்.

இன்னொருவரின் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். ஒருநாள் ஓடி முடித்து மணலில் இருந்தபோது, "ரெண்டு நிமிஷம் அவரை மறந்திட்டன்" என்றார். குற்றம் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். எமது குழுவில் மூத்தவர் அவரிடம் சொன்னார்: "மறக்கல்லகா. குடத்தை இறக்கி வச்சிருக்காய், அவ்வளவுதான். திரும்பத் தூக்கத்தானே போறாய்." உளவளத்துணைப் பயிற்சிகள் பலவற்றில் இருந்திருக்கின்றேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

"ஓடினது காணாதா?" என்ற அம்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் இங்கேதான் இருக்கின்றது. முன்பு ஓடியபோது நேரத்தையும் திசையையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். எப்போது நிற்கலாம் என்பதும் எமது கையில் இருக்கவில்லை. இந்த ஓட்டத்தில் களைத்தால் நிற்கலாம். விரும்பிய இடத்தில் திரும்பலாம். திரும்பி வரும்போது வீடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆனால் இதை ஒரு மருந்தென்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் வயலில் குனிந்து நின்ற பெண்ணுக்கும், செங்கல் சுமந்த பெண்ணுக்கும் தேவைப்படுவது ஓய்வு. அவரை ஓடச் சொல்வது அநியாயம். நித்திரையில்லாமலும் சாக வேண்டும் என்ற எண்ணத்தோடும் இருப்பவருக்கு வைத்தியசாலை உளநலப் பிரிவின் உதவி கட்டாயம் தேவை. காணாமல் ஆக்கப்பட்டவர் எங்கே என்ற கேள்விக்கு ஓட்டம் பதிலாகாது. அந்தக் கேள்வியோடு இன்னும் பல காலம் நிற்க வேண்டிய கால்களுக்குச் சிறிது பலம் கொடுக்கும், அவ்வளவே.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு

முதலில் உடம்பைச் சோதியுங்கள். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்கி வருகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பக மற்றும் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனைகள் அங்கே இலவசம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் நாள் கேட்கலாம். நடந்தாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் இரத்தச் சோகை இருக்கின்றதா என்று பாருங்கள். இருதய நோய் உள்ளவர்களும், உடலில் காயமோ ஷெல் துண்டோ உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்டே தொடங்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு ஓடலாமா என்பதையும் அவரிடம் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். வலி நீடித்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள்.

ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு மனதுக்குள் அறுபது எண்ணும் வரை மெதுவாக ஓடுங்கள், தொண்ணூறு எண்ணும் வரை நடவுங்கள். இப்படி எட்டு முறை செய்தால் இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒருநாள் விடுங்கள். பக்கத்தில் வருபவருடன் இரண்டு வசனம் பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வளர்ந்தவர்களுக்குப் போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். வேகமாக நடப்பதும் அதில் அடங்கும்.

உடுப்புக்கென்று காசு செலவழிக்க வேண்டியதில்லை. பருத்திச் சுடிதாரும், தலையை மூடுபவர்களுக்கு ஊசி குத்தி இறுக்கிய சால்வையும் போதும். மார்பை இறுக்கித் தாங்கும் உள்ளாடை அவசியம். காசு இருந்தால் முதலில் சப்பாத்து வாங்குங்கள். அதுவரை செருப்போடு நடவுங்கள், ஓட வேண்டாம். காய்ந்த மணலில் ஓடினால் கெண்டைக்கால் சீக்கிரம் நோகும், தண்ணீரோரத்து இறுகிய மணலே நல்லது. பிள்ளைப் பேற்றுக்குப் பின் ஓடும்போது சிறுநீர் கசிவது பலருக்கும் உண்டு. வெட்கப்படாமல் கிளினிக்கில் கேளுங்கள், அதற்குப் பயிற்சிகள் இருக்கின்றன.

வீதியில் யாராவது பாலியல் ரீதியாகச் சொல்லாலோ செயலாலோ தொல்லை தந்தால் அது குற்றம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே தொடங்காதீர்கள். உங்கள் ஒழுங்கையில் இன்னொரு பெண்ணைத் தேடுங்கள். அவர் தமிழரா முஸ்லிமா, விதவையா மணமானவரா, உங்களைவிட வயது கூடியவரா என்று பார்க்க வேண்டியதில்லை. விடிய எழும்பக்கூடியவராக இருந்தால் போதும். வேலியருகிலிருந்து வரும் "எங்ககா போறாய்?" என்ற கேள்விக்கு ஒருத்தியாகப் பதில் சொல்வது கடினம், இருவர் மூவராகச் சிரித்துக்கொண்டே கடந்து போகலாம். சில வாரங்களில் அதே வேலியருகில் நிற்பவரே உங்களைப் பார்த்து "நேத்து ஏன் வரல்ல?" என்று கேட்கக்கூடும். அன்று அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.